அடைத்த பிறகு வந்த காய்ச்சல்

கல்லீரலில் மூன்று கட்டிகள். அறுத்து எடுக்க வழியில்லை, ரத்தக்குழாயை அடைத்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடைப்பு வந்துவிடக் கூடாது என்றுதானே எல்லோரும் பயப்படுகிறோம்!

ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். கல்லீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் வருகிறது. முக்கால் பங்கு குடல் பக்கமிருந்து போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. கட்டியோ பெரும்பாலும் தமனியை நம்பியே வளர்கிறது. அந்தக் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும், நல்ல பகுதி பிழைத்துக்கொள்ளும். போர்ட்டல் சிரை அடைபடாமல் இருக்கிறதா என்று முதலிலேயே ஸ்கேனில் பார்த்தது இதற்காகத்தானாம். "குணமாக்க இல்லை, வளர்ச்சியைத் தள்ளிப்போட" என்பதையும் மழுப்பாமல் சொன்னார். அது பிடித்திருந்தது.

அலுவலகத்தில் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன்.

முழு மயக்கம் கிடையாது. தொடை இடுக்கில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கிருந்த தமனி வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றினார்கள். வலி இல்லை. சாய மருந்து போகும்போது மட்டும் வயிறெல்லாம் குப்பென்று சூடு பரவியது. திரையில் என் ரத்தக்குழாய்கள் இலையுதிர்ந்த மரம் போலத் தெரிந்தன. டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்தை லிப்பியோடால் எண்ணெயில் கலந்து கட்டிக்குப் போகும் கிளைகளில் செலுத்தி, அப்புறம் ஜெலாட்டின் துணுக்குகளால் அடைத்தார்கள். வார்டுக்கு வந்ததும் ஆறு மணி நேரம் காலை மடக்காமல் கிடக்க வேண்டும். முதுகுதான் கெஞ்சியது.

சரி, முடிந்தது என்று நினைத்தேன். அன்று இரவே வலது விலாவுக்குக் கீழே கனத்த வலி, குமட்டல், மறுநாள் காய்ச்சல். கிருமி தொற்றிவிட்டது என்று நானும் மனைவியும் பதறினோம். கட்டி செத்துப்போவதால் வரும் காய்ச்சல் இது, பலருக்கும் வரும் என்று நர்ஸ் அப்போதுதான் சொன்னார். இதை முன்பே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த ராத்திரி தூங்கியிருப்போம். குளிர் நடுக்கமோ மஞ்சள் காமாலையோ வந்தாலும், காய்ச்சல் விடாமல் அடித்தாலும் உடனே சொல்ல வேண்டுமாம். எனக்கு ஐந்தாம் நாள் விட்டது. சோர்வு போக மேலும் ஒரு வாரம் ஆனது.

ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் இரண்டு கட்டிகள் முழுக்க எண்ணெய் தேங்கி வெள்ளையாகத் தெரிந்தன. மூன்றாவதன் ஓரத்தில் இன்னும் ரத்தம் ஓடுகிறது. அடுத்த தேதி குறித்தாயிற்று. இந்தத் தடவை லீவு இரண்டு வாரம்.