குழுவின் கேள்விகளுக்குப் பதில் எழுதிய காலம்

கனடாவின் கியூபெக் மாகாணத்தில், ஜேம்ஸ் விரிகுடாவுக்குக் கிழக்கே திட்டமிடப்பட்ட ஒரு சுரங்கத்துக்காக, நீரும் மீனும் பற்றிய அத்தியாயங்களை எழுதிய ஆலோசகர்களில் ஒருவனாகச் சில ஆண்டுகள் பணியாற்றினேன். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையை எழுதி ஒப்படைப்பதுதான் பெரிய வேலை என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில், அறிக்கையைப் படித்துவிட்டுக் கூட்டு மதிப்பீட்டுக் குழு அனுப்பும் கேள்விகளுக்குப் பதில் எழுதுவதில்தான் எங்கள் காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. மத்திய அரசின் தாக்க மதிப்பீட்டு முகமை நியமித்தவர்களும், அந்த வட்டாரத்தின் பழங்குடியினரான க்ரீ மக்களின் சொந்த அரசான க்ரீ நேஷன் அரசு நியமித்தவர்களும் சேர்ந்து அமர்ந்த குழு அது. நிலத்தடி நீரின் ஓட்டம் குறித்த கணக்கும், பனிக்காலத்தில் ஒரு வேட்டைக்காரர் தம் குடிசைக்குச் செல்லும் பாதையும் ஒரே பட்டியலில் கேள்விகளாக வரும். முன்னது அறிவியல், பின்னது மரியாதைக்குக் கேட்கப்பட்டது என்று பிரித்துக்கொள்ள எங்களுக்கு இடமே இருக்கவில்லை.

இத்தகைய குழுக்கள் அரசின் தாராள மனத்தால் முளைத்தவை அல்ல. 1971 ஏப்ரலில் கியூபெக் முதல்வர் ரோபேர் பூராசா ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை அறிவித்தபோது, அந்த ஆறுகளை நம்பி வேட்டையாடி வாழ்ந்த க்ரீ மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1973 நவம்பரில் நீதிபதி ஆல்பெர் மாலூஃப் பணிகளை நிறுத்த ஆணையிட்டார். ஒரு வாரத்துக்குள் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆணையை முடக்கிவிட்டது. ஆனாலும் அந்த வழக்கு கொடுத்த வலுவோடு நடந்த பேச்சுவார்த்தையின் முடிவில், 1975 நவம்பர் 11 அன்று ஜேம்ஸ் விரிகுடா மற்றும் வட கியூபெக் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் 22ஆம் பிரிவுதான் க்ரீ மக்களை மதிப்பீட்டு மேசைக்குக் கொண்டுவந்தது. ஒரு திட்டத்துக்கு எதை ஆராய வேண்டும் என்று முடிவு செய்யும் குழுவில் கனடா, கியூபெக், க்ரீ ஆகிய மூன்று தரப்புக்கும் தலா 2 இடங்கள். அறிக்கையை ஆராயும் மாகாணக் குழுவிலும் மத்தியக் குழுவிலும் அரசுக்கு 3, க்ரீ தரப்புக்கு 2. நான் பதில் எழுதியது இவற்றில் எதற்கும் அல்ல. உடன்படிக்கை இருந்தாலும் மத்திய அரசின் மதிப்பீட்டுச் சட்டமும் செல்லும் என்று 2010இல் கனடா உச்ச நீதிமன்றம் ஒரு வனேடியம் சுரங்க வழக்கில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின்படி நடக்கும் மதிப்பீட்டையும் க்ரீ அரசோடு சேர்ந்தே நடத்துவதற்காகப் பின்னர் உருவானதே கூட்டு மதிப்பீட்டுக் குழு. 2021இல் அனுமதி பெற்ற ரோஸ் லித்தியம்-டான்டலம் திட்டமும், 2023இல் அனுமதி பெற்ற ஜேம்ஸ் விரிகுடா லித்தியம் திட்டமும் இந்த வழியில் மதிப்பிடப்பட்டவை.

ஆலோசகர்களான எங்களை அதிகம் உழைக்கவைத்தது மீன் பற்றிய கேள்வி. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் சுத்திகரிக்கப்படும், ஓடையில் உலோகங்களின் அளவு வரம்புக்குள் இருக்கும், எனவே மீன் உண்பதில் ஆபத்தில்லை என்று கணக்குகளோடு எழுதியிருந்தோம். கணக்கில் பிழை இருப்பதாகக் குழுவும் சொல்லவில்லை. சுரங்கம் வந்த பிறகு மக்கள் அந்த ஏரியில் மீன் பிடிப்பார்களா என்று மட்டும் கேட்டது. பொறியாளர்களில் சிலர் இதை அறிக்கைக்கு வெளியே உள்ள விஷயம் என்றார்கள். அச்சம் வேறு, தாக்கம் வேறு என்பது அவர்கள் வாதம். எனக்கு அந்த வாதம் சட்டப்படியே நிற்காது என்று பட்டது. அப்போது பொருந்திய 2012ஆம் ஆண்டு மத்திய மதிப்பீட்டுச் சட்டம், பழங்குடி மக்கள் நிலத்தையும் வளங்களையும் மரபு வழியில் தற்போது பயன்படுத்துவதில் ஏற்படும் மாற்றத்தையே ஆராயச் சொன்னது. ஒரு குடும்பம் ஏரியைக் கைவிட்டால், தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அந்தப் பயன்பாடு நின்றுவிட்டது.

அந்தக் கேள்வி வானத்திலிருந்து விழுந்ததும் அல்ல. ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்துக்காக லா கிராந்த் ஆற்றில் அணைகள் எழுந்து காடும் மண்ணும் நீரில் மூழ்கியபோது, அங்குள்ள பாக்டீரியாக்கள் மண்ணிலும் தாவரங்களிலும் இருந்த பாதரசத்தை, உடலில் சேரும் நச்சு வடிவமான மெத்தில் பாதரசமாக மாற்றின. அது உணவுச் சங்கிலி வழியே ஏறி, பிற மீன்களைத் தின்னும் பெரிய மீன்களில் சேர்ந்தது. 1986இல் ஹைட்ரோ-கியூபெக், மாகாண அரசு, க்ரீ மக்கள் ஆகியோரிடையே பாதரசத்துக்கென்றே தனி உடன்படிக்கை செய்ய வேண்டியிருந்தது. மீனைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்ற அறிவுரையைக் கேட்டு வளர்ந்த தலைமுறையிடம், மீன் நல்லது, கடை உணவு நீரிழிவுக்கு வழி என்று பிறகு சொல்ல வேண்டிய நிலைமை சுகாதாரத் துறைக்கு ஏற்பட்டது. இத்தனையும் நடந்த ஊர்களில் போய், எங்கள் அட்டவணையைக் காட்டி நம்புங்கள் என்று சொல்வது எவ்வளவு தூரம் எடுபடும் என்பதை அந்த மேசையில் இருந்த க்ரீ உறுப்பினர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். அரசு தரப்பு உறுப்பினர்களும் அந்தக் கேள்வியைத் தங்கள் கேள்வியாகவே ஏற்றுப் பேசினார்கள் என்பதுதான் நான் கவனித்ததில் முக்கியமானது. க்ரீ தரப்பு தனியே ஒரு கருத்துரையாக எழுதி அனுப்பியிருந்தால், இணைப்பில் சேர்த்துவிட்டு நகர்ந்திருப்போம். கூட்டுக் குழுவின் கேள்வியை அப்படிக் கடந்துபோக முடியாது. கடைசியில் மீன் மாதிரி எடுக்கும் திட்டத்தை மாற்றினோம். எந்த ஏரிகளில், எந்த மீன்களை, எப்போது சோதிப்பது என்பதை அந்தப் பொறிவேட்டைப் பகுதிக்குப் பொறுப்பான க்ரீ வேட்டைக்காரரான டாலிமேனுடன் பேசி முடிவு செய்வதென்றும், முடிவுகளை முதலில் அவர் குடும்பத்துக்குச் சொல்வதென்றும் எழுதினோம்.

கூட்டங்களின் நாட்காட்டியும் நாங்கள் பழகிய நாட்காட்டி அல்ல. வசந்தத்தில் கனடா வாத்துகள் திரும்பும் வாரங்களில் க்ரீ ஊர்களில் பள்ளிகளும் அலுவலகங்களும் மூடப்பட்டு, குடும்பங்கள் வேட்டைக்குப் போய்விடும். அந்த வாரங்களில் கூட்டம் வைக்கக் கேட்பது வீண். அதே வாரங்களில் பாறைக்கு வெடி வைப்பீர்களா என்ற கேள்வியும் பட்டியலில் இருந்தது.

க்ரீ உறுப்பினர்கள் என்றால் திட்டத்தை எதிர்ப்பவர்கள் என்று எண்ணி வந்தவர்கள் எங்கள் தரப்பில் இருந்தார்கள், அது சரியல்ல. சுரங்கத்தால் வேலையும் வருவாயும் வேண்டும் என்று க்ரீ அரசே நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்கிறது. ஒப்பந்தம் பேசுவதும் மதிப்பீட்டுக்கு உறுப்பினரை அனுப்புவதும் ஒரே அரசு என்பது உறுத்தவில்லையா என்று சக ஊழியர் ஒருவர் கேட்டார். உறுத்தும்தான், ஆனால் லித்தியத்தை ஊக்குவித்துக்கொண்டே லித்தியம் சுரங்கத்தை மதிப்பிடும் மத்திய அரசைப் பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லும் திடமும் க்ரீ மக்களுக்கு உண்டு. மிஸ்டிசினி என்ற க்ரீ சமூகம் எதிர்த்த மத்தூஷ் யுரேனியத் திட்டத்துக்கு 2013இல் கியூபெக் அரசு அனுமதி மறுத்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்தும் வெல்லவில்லை.

குழுவின் எல்லை வேறிடத்தில் இருக்கிறது. அதன் முன் வருவது ஒரு திட்டம், ஒரு அறிக்கை. பரிந்துரைப்பதோடு அதன் பணி முடிகிறது, முடிவு அமைச்சருடையது. அந்த வட்டாரத்தின் முக்கியச் சாலையான பில்லி டயமண்ட் நெடுஞ்சாலையில் எங்கள் திட்டத்தின் லாரிகள் எத்தனை என்று துல்லியமாகச் சொல்ல முடிந்தது. அதே சாலையை நம்பியுள்ள பிற சுரங்கங்கள், மரம் ஏற்றும் லாரிகள், 2023 கோடையில் எரிந்த காடு ஆகியவை சேர்ந்து கடமான்களையும் வேட்டைப் பாதைகளையும் என்ன செய்யும் என்று குழு கேட்டபோது, பிற நிறுவனங்கள் பொதுவில் வெளியிட்ட எண்களைத் தொகுத்துத்தான் பதில் எழுதினோம். அப்படித் தொகுத்த அந்த அத்தியாயமே எங்கள் அறிக்கையில் மிக மெலிந்தது. அதை வலுப்படுத்தும் தரவு எந்த ஒரு நிறுவனத்தின் கையிலும் இல்லை. முழு வட்டாரத்துக்கும் சேர்த்து ஒரு மதிப்பீட்டை அரசும் க்ரீ அரசும் தாங்களே நடத்தினால் மட்டுமே அந்தத் தரவு கிடைக்கும்.