காசிமேட்டு உப்புக்காற்றும் என் பேஸும்

காசிமேட்டில் பேஸ் கிடார் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்புக்காற்று. புதுக் கம்பி மூன்றே வாரத்தில் விரலில் துருவாக ஒட்டும். சரி என்று ஃப்ளாட்வவுண்ட் வகைக் கம்பிக்கு மாறினேன். விலை கூடுதல்தான், ஆனால் மேலே தட்டை நாடா சுற்றியிருப்பதால் வழவழப்பு. விரல் நகரும்போது கீச்சொலி இல்லை.

அப்புறம், கிடார் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம், கம்பிகளுக்கு அடியில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை வெட்டிச் செருகினேன். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனத்தில் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் நுரைத்துண்டு வைத்து வாசித்தது போலத்தான். அம்மா இன்னும் ஸ்பாஞ்சைத் தேடுகிறார். இப்போது நோட்டு ‘தும்’ என்று விழுந்து உடனே அடங்குகிறது. டோலக்கின் தடித்த பக்கத்தோடு முட்டுவதில்லை.

விரல் வைக்காமல் மீட்டினால் ஈ (E) கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸ், ரொம்பத் தாழ்ந்த ஒலி. என் சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி) அதைத் தாங்காமல் உறுமும். ஆம்பில் தாழ்ந்த ஒலிக்கான பேஸ் குமிழைக் குறைத்து, நடுத்தர ஒலிக்கான மிட் குமிழை ஏற்றினேன். நேற்று ராயபுரம் கானாக் கச்சேரியில் டோலக் அண்ணன் திரும்பி, “இன்னா நைனா, இப்பதான் நீ வாசிக்கிறதே கேக்குது” என்றார்.