ஏற்றத்தில் மட்டும் வரும் சத்தம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஆறாவது வளைவைத் தாண்டி, மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தியபோதுதான் தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் என் காரின் என்ஜினிலிருந்து முதன்முதலாகக் கேட்டது. காலை எடுத்தால் நின்றது. அழுத்தினால் மீண்டும் வந்தது.

மறுநாள் ஒரு பட்டறையில், வண்டியை நிறுத்தியபடியே என்ஜினை முடுக்கிக் கேட்டுவிட்டு, "கனெக்டிங் ராடு பேரிங் போயிருக்கும் சார், என்ஜினை இறக்கணும்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. பேரிங் தேய்ந்தால் வருவது கனமான, ஆழ்ந்த 'டொக் டொக்'. அது நியூட்ரலில் முடுக்கினாலும் கேட்கும், ஆயில் அழுத்தமும் பெரும்பாலும் குறைந்திருக்கும், அந்த சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றினால் சத்தம் தணியும். பிஸ்டன் தட்டும் சத்தம் என்றால் குளிர்ந்த என்ஜினில் வந்து, சூடேறியதும் அடங்கிவிடும். என் வண்டியிலோ நின்ற நிலையில் எந்தச் சத்தமும் இல்லை. சுமை ஏறும்போது மட்டும் வந்து, சுமை நீங்கியதும் மறையும் உலோகச் சத்தத்துக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது நாக்கிங்கைத்தான். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டர் முழுவதும் பரவுவதற்குள், ஓரத்தில் எஞ்சியிருக்கும் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானாகவே பற்றிக்கொள்கிறது. அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டர் சுவரில் மோதுவதைத்தான் நாம் கேட்கிறோம்.

இன்றைய வண்டிகளில் இந்தச் சத்தம் காதில் விழுவதே ஒரு முக்கியமான தடயம் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். என்ஜின் பிளாக்கில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும் நாக் சென்சார், அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் படிகத்தைக் கொண்டது. என் வண்டியைப் போன்ற சிறிய சிலிண்டர்களில் ஏறத்தாழ 7 கிலோஹெர்ட்ஸ் அளவில் எழும் அந்த அதிர்வை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி கண்டுகொண்டதும், இக்னிஷன் டைமிங்கை, அதாவது பிளக் தீப்பொறி விடும் நேரத்தை, சில டிகிரி பின்னுக்குத் தள்ளிவிட்டு (டிகிரி எண் குறைந்தால் தீப்பொறி தாமதமாகிறது என்று பொருள்), பிறகு மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறது. ஆகவே நாக்கிங் தொடர்ந்து கேட்கிறது என்றால், ஒன்று கணினியால் சமாளிக்க முடியாத அளவுக்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டும், அல்லது கணினியின் காது மந்தமாகியிருக்க வேண்டும்.

முதல் வகைக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெட்ரோலை வேறு பங்க்கில் நிரப்பி ஓட்டியும் மாற்றமில்லை. (எத்தனால் கலப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு, ஆனால் எத்தனால் ஆக்டேன் எண்ணை, அதாவது நாக்கிங்கைத் தாங்கும் திறனை, உயர்த்துமே தவிரக் குறைக்காது. மண்ணெண்ணெய்க் கலப்படம்தான் குறைக்கும்.) கூலன்ட் வெப்பம் 92 டிகிரியில் நிலையாக இருந்தது. கணினியின் அளவீடுகளைக் காட்டும் ஸ்கேனரில் நீண்டகால ஃபியூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் கணினி செய்யும் திருத்தம்) 3 சதவீதத்தைத் தாண்டவில்லை என்பதால், கலவையில் பெட்ரோல் குறைவு என்ற ஐயமும் நீங்கியது. பிளக்குகள் சரியான எண்ணுடையவையாகவே இருந்தன. பிழைக் குறியீடு எதுவும் பதிவாகவில்லை.

பிறகு தம்பியை ஸ்கேனரோடு பக்கத்து இருக்கையில் அமர்த்திக்கொண்டு, அதே மலைச்சாலையில் ஏறினேன். சத்தம் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "அண்ணா, டைமிங் 14லயே நிக்குது, அசையவே இல்ல" என்றான். விடை அந்த ஒரு வரியில் கிடைத்துவிட்டது. நாக்கிங் நடக்கிறது, கணினிக்கு அது கேட்கவில்லை.

எட்டு மாதங்களுக்கு முன் இன்டேக் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டை மாற்றியபோது நாக் சென்சாரைக் கழற்றி மாட்டியிருந்தார்கள். கழற்றிப் பார்த்தால், சென்சாருக்கும் பிளாக்குக்கும் இடையில் ஒரு வாஷர். அதன் அடியில் பொருக்குத் தட்டிய துரு. என் வண்டியில் சென்சார் பிளாக்கின் உலோகத்தில் நேரடியாகப் படிய வேண்டும், இடையில் எதுவும் இருக்கக் கூடாது. சர்க்யூட் அறுபடாமல் ஏதோ ஒரு மெல்லிய குறிப்பு வந்துகொண்டிருந்ததால் கணினியும் பிழையாகக் கருதவில்லை போலும். துருவைச் சுரண்டித் துடைத்து, வாஷரை நீக்கி, கையேட்டில் சொன்னபடி 20 நியூட்டன் மீட்டருக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். கைக்கணக்கில் இறுக்கினால் சென்சாரின் உணர்திறனே மாறிவிடும்.

பி0325 போன்ற, நாக் சென்சார் சர்க்யூட்டில் பழுது என்று சொல்லும் பிழைக் குறியீடு வந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: உடனே புதிய சென்சார் வாங்காமல், முதலில் ஒயரையும் கப்ளரையும் பாருங்கள். சென்சார் செத்துவிட்டதாக அறிந்த கணினி பாதுகாப்புக்காக டைமிங்கைப் பின்னிலேயே வைத்திருக்கும். சத்தம் வராது, ஆனால் இழுவையும் மைலேஜும் குறையும்.

அடுத்த ஞாயிறு மீண்டும் ஏறினோம். ஆறாவது வளைவுக்குப் பின் ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் 14 என்றிருந்த டைமிங் 11க்கு இறங்கி, சற்று நேரத்தில் 12, 13 என்று படிப்படியாக ஏறியது. தம்பி எண்களை வாசித்துக்கொண்டே வந்தான். அவன் குரலைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை.