22ஆம் நாள் முட்டை

21 நாளில் பொரிய வேண்டிய நாட்டுக்கோழி முட்டைகளில் மூன்று, 22ஆம் நாளும் ஓட்டில் சின்னக் கீறலோடு அப்படியே கிடந்தன. நடுவில் கரண்ட் போய் இன்குபேட்டர் சூடு 37.5 டிகிரியிலிருந்து இறங்கியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். உள்ளே கீச் கீச் சத்தம், எனக்குக் கை பரபரத்தது. "தொட்டுறாதப்பா, மஞ்சக்கருவ இன்னும் உள்ள இழுத்துக்கிட்டு இருக்கும்" என்றார் அப்பத்தா. சரிதான், ஓட்டைக் கொத்திய பிறகு குஞ்சு பல மணி நேரம் சும்மா கிடக்கும், அப்போதுதான் சவ்வில் ஓடும் ரத்தமும் மிச்ச மஞ்சள் கருவும் உடம்புக்குள் போகும். போன தடவை அவசரப்பட்டு உரித்து ஒன்றைக் கொன்றவன் நான்.

24 மணி நேரம் பொறுத்தேன். இரண்டு தானாக வந்துவிட்டன. மூன்றாவதில் சவ்வு காய்ந்து குஞ்சின் மேலேயே ஒட்டிக்கொண்டது (மூடியை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து பார்த்து ஈரத்தைப் போக்கியது யார்? நான்தான். வெளியே எங்கள் மண்டபம் ஊர்க் கடற்காற்று பிசுபிசு என்று அடிக்கிறது, பெட்டிக்குள் வறட்சி!). வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துச் சவ்வைத் தடவி, அலகுப் பக்கம் நகக்கண் அளவு ஓட்டைக் கிள்ளி, சிவப்பு நரம்பு தெரிந்ததும் நிறுத்தி, ஈரத்துணியோடு திரும்ப உள்ளே வைத்து... இப்படியே விடியற்காலை நாலு மணி வரை. அப்புறம் நரம்பெல்லாம் வற்றியதும் அகன்ற பக்கத்துத் தொப்பியை மட்டும் எடுத்தேன், மிச்சத்தை அதுவே உதைத்துத் தள்ளியது.

தொப்புள் மூடியிருக்கிறது. கால் மட்டும் அகட்டுகிறது, பிளாஸ்திரித் துண்டால் இரண்டையும் கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டியிருக்கிறேன். அப்பத்தா அதற்குள் "நொண்டியான்" என்று பேரே வைத்துவிட்டார்.