எங்கள் தெரு வடிகால் மன்றத்தைத் தாண்டி வந்த விதம்

டெல்டாவில் உள்ள ஒரு நகராட்சியில் நான் வார்டு உறுப்பினர். 2022 பிப்ரவரி 19 அன்று தேர்தல், மார்ச் 2இல் பதவியேற்பு. அதற்கு முந்தைய மன்றத்தின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. இடையில் ஐந்து வருடத்துக்கு மேல் தமிழ்நாட்டில் எந்த நகராட்சியிலும் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது. அரசு நியமித்த தனி அலுவலரின் நிர்வாகம்தான். அந்த இடைவெளியில் எங்கள் பள்ளிக்கூடத் தெருவில் கட்டிய மழைநீர் வடிகாலை இடித்துச் சரிசெய்ய வைத்த அனுபவத்தை எழுதுகிறேன். ஒரு தெருவின் வேலை எந்தெந்த மேசைக்குப் போகிறது, எந்த இடத்தில் யார் கேட்டால் நகர்கிறது என்பது வாக்களித்தவர்களுக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் அதிகாரம் எவ்வளவு என்று சொல்லிவிடுகிறேன். நகராட்சி உறுப்பினருக்கென்று தனி நிதி இல்லை. சென்னை மாநகராட்சியில் வார்டு மேம்பாட்டு நிதி உண்டு, எங்களுக்குக் கிடையாது. 2023 ஜூலையிலிருந்து மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியம் தருகிறார்கள். "கவுன்சிலரம்மா, இந்தச் சாக்கடையைக் கட்டிக் கொடுத்துடுங்க" என்று தெருவில் கேட்பார்கள். நான் கையெழுத்துப் போட்டு எந்த வேலையையும் தொடங்க முடியாது. மதிப்பீடு போடுவது பொறியியல் பிரிவு, அதை மன்றக் கூட்டத்தின் பட்டியலில் ஒரு பொருளாக வைப்பது அலுவலகம், நிறைவேற்றுவது மன்றம். எனக்கு இருப்பது ஒரு வாக்கும், கேள்வி கேட்கும் உரிமையும், அந்தக் கேள்வியை எழுத்தில் பதியச் சொல்லும் உரிமையும்.

அந்த வாக்கின் கனம் பதவியேற்ற அடுத்த மாதமே தெரிந்தது. 2022 ஏப்ரலில் சொத்து வரிச் சீராய்வு வந்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், அதற்கு மேல் போகப் போக 50, 75, 100 என்று உயர்வு. சென்னைக்கு வெளியே உள்ள நகரங்களில் 2008க்குப் பிறகு சீராய்வே நடக்காததும், மத்திய நிதிக்குழு மானியத்துக்கு அது நிபந்தனையாக இருந்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. காரணம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் வாக்குக் கேட்டுப் போன அதே வாசலில் நின்று வரி உயர்வை விளக்குவது சுலபமாக இல்லை. "வரி ஏத்துறீங்க, சரி. தண்ணி நிக்கிறது எப்ப சரியாகும்?" என்று பள்ளிக்கூடத் தெருவில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. வடிகால் விஷயத்தை அன்றைக்கு நான் கையில் எடுத்தேன்.

அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் வடிகால் இருக்கிறது. கான்கிரீட் உடையவில்லை, மூடி போட்டிருக்கிறது, பார்த்தால் குறை தெரியாது. ஆனால் அரை மணி நேரம் மழை பெய்தால் அங்கன்வாடி முன்னால் கெண்டைக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் தூய்மைப் பணியாளர்கள் வந்து அடைப்பு எடுப்பார்கள். அடைப்பு எடுத்த பிறகும் தண்ணீர் நிற்கும்.

அலுவலகத்தில் சொன்னபோது, சுவரை ஒரு அடி உயர்த்திக் கட்ட மதிப்பீடு தயாராக இருப்பதாகச் சொன்னார்கள். உயரம் போதாததால் வழிகிறது என்பது அவர்கள் கணக்கு. எனக்கும் பொறியியல் தெரியாது. அப்படியே விட்டிருந்தால் உயரமான சுவரோடு அதே தண்ணீர் நின்றிருக்கும். அதைத் தடுத்தது பகுதி சபை.

பகுதி சபை என்பது கிராம சபைபோல நகரத்துக்கு வந்த ஏற்பாடு. 2022இல்தான் விதிகள் வந்தன. ஒவ்வொரு வார்டையும் சில பகுதிகளாகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பகுதி வாக்காளர்களைக் கூட்ட வேண்டும். பகுதி பிரதிநிதிகளும் உறுப்பினரும் சேர்ந்தது வார்டு குழு. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் முழுக்க முதல் கூட்டம் நடந்தது. தாம்பரம் மாநகராட்சியில் பம்மல் கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். எங்கள் வார்டில் அங்கன்வாடிக்கு எதிரே இருந்த வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு நடத்தினோம். வந்தவர்களில் பாதிப் பேர் பட்டா, முதியோர் உதவித்தொகை என்று நகராட்சிக்குச் சம்பந்தமில்லாத மனுக்களோடு வந்திருந்தார்கள். அவற்றையும் வாங்கித் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பினோம்.

வடிகால் பேச்சு வந்ததும், பின்வரிசையிலிருந்து எழுபது வயது தாண்டிய ஒரு கொத்தனார் தாத்தா எழுந்தார். "அம்மாடி, செவுத்தை ஒசத்தி என்ன ஆகும்? வாட்டமே தப்பு. தண்ணி வாய்க்காலுக்குப் போகாம அங்கன்வாடிக்குத் திரும்புது" என்றார். உதவிப் பொறியாளர் கூட்டத்திலேயே இருந்தார். ஏதோ சொல்ல வந்தவர் நிறுத்திக்கொண்டு, "எப்படிச் சொல்றீங்க ஐயா?" என்று கேட்டார். அப்படிக் கேட்டதற்காக அந்த அதிகாரி மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

தாத்தா வீட்டுக்குப் போய் நீளமான பிளாஸ்டிக் டியூபை எடுத்து வந்தார். உள்ளே தண்ணீர் நிரப்பி, கட்டைவிரலால் அடைத்து, குமிழி போகும்வரை தட்டினார். ஒரு முனையை அங்கன்வாடிச் சுவரில் அவர் பிடிக்க, மறு முனையைப் பேரன் வாய்க்கால் பக்கம் இழுத்துப் போனான். டியூபின் நீளம் போதாததால் நடுவில் இருந்த வீடுகளின் சுவரில் மட்டத்தைக் கரியால் குறித்து, அங்கிருந்து அடுத்த முனைக்கு நகர்ந்தார்கள். இரண்டு கோடியிலும் குறித்தாயிற்று. மூடியைத் தூக்கச் சொல்லி, கரிக்கோட்டிலிருந்து வடிகாலின் தரைவரை நூல் விட்டு அளந்தார்கள். தண்ணீர் போய்ச் சேர வேண்டிய வாய்க்கால் பக்கத்துத் தரை, அங்கன்வாடிப் பக்கத்துத் தரையைவிட நாலு விரல் மேலே இருந்தது. "நூறு அடிக்கு ஆறு அங்குலமாவது இறங்கணும். இது ஏறுது" என்றார் தாத்தா. அடுத்த வாரம் உதவிப் பொறியாளர் அலுவலகக் கருவியை வைத்துப் பார்த்தார். அதே முடிவு.

சபைத் தீர்மானத்தில் 'வடிகால் தரையை இடித்து, வாய்க்காலை நோக்கி வாட்டம் அமைத்து மீண்டும் கட்ட வேண்டும்' என்று தெளிவாக எழுதி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கினோம். பத்து நாள் கழித்து, நவம்பர் 11 அன்று சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை, ஆனாலும் அங்கன்வாடியை மூட வேண்டி வந்தது. அந்தப் படங்களையும் தீர்மான நகலையும் சேர்த்து ஆணையருக்கு மனுக் கொடுத்து, தபால் பிரிவில் முத்திரை போட்ட ஒப்புகை வாங்கிக்கொண்டேன். வாயால் சொன்னதை யாரும் மறந்துவிடலாம். எண் போட்ட தாளுக்கு அலுவலகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்புறம் மன்றக் கூட்டம். அஜெண்டா வீட்டுக்கு வந்தபோது தடிமனாக இருந்தது. பாதிக்கு மேல் 'தலைவரின் முன்அனுமதி பெற்றுச் செய்யப்பட்ட செலவினத்தை மன்றம் அங்கீகரிக்கலாம்' என்ற வகை. ஏற்கெனவே முடிந்த வேலைக்கு எங்கள் ஒப்புதல். நான் கடைசிவரை படித்தேன். பின்பகுதியில் எங்கள் தெரு இருந்தது: 'வடிகால் சுவரை உயர்த்தும் பணி, மதிப்பீடு அனுமதி.' பழைய மதிப்பீடு, ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

எங்கள் மன்றத்தில் 'ஆல் பாஸ்' என்றொரு வழக்கம் உண்டு. பொருள்களை வேகமாக வாசித்துக்கொண்டே போவார்கள், யாராவது 'ஆல் பாஸ்' என்பார்கள், மேசையைத் தட்டுவார்கள், முடிந்தது. எனக்கு இந்த வழக்கம் மேல் ஆழமான வருத்தம் உண்டு. ஒவ்வொரு பொருளும் ஒரு தெருவின் பணம். எங்கள் பொருளின் எண் வந்தபோது எழுந்து, அதை ஒத்திவைத்துத் திருத்திய மதிப்பீட்டோடு கொண்டுவர வேண்டும், என் ஆட்சேபணையைத் தீர்மானப் புத்தகத்தில் பதிய வேண்டும் என்று சொன்னேன். "உங்க வார்டு வேலையை நீங்களே நிறுத்துறீங்களா?" என்று ஒரு மூத்த உறுப்பினர் கேட்டார். பகுதி சபைத் தீர்மானத்தை வாசித்தேன். கையெழுத்துகளைக் காட்டினேன். தலைவர் கொஞ்ச நேரம் யோசித்து, "சரிம்மா, இதை மட்டும் ஒத்தி வைப்போம்" என்றார். என் கட்சிக்காரர்களே சிலர் முகம் சுளித்தார்கள். வேறு கட்சியைச் சேர்ந்த இரண்டு பெண் உறுப்பினர்கள் எனக்காகப் பேசினார்கள்.

பெண்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். பாதிப் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கி நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தலில் வந்தவர்கள் நாங்கள். ஆனாலும் தொடக்கத்தில் அலுவலகத்திலிருந்து போன் என் கணவருக்குத்தான் போகும். அவர் ஒவ்வொரு முறையும் "மெம்பர் அவங்கதான், அவங்ககிட்ட பேசுங்க" என்று வைத்துவிடுவார். சில மாதத்தில் பழக்கம் மாறியது. அஜெண்டாவைத் தானே படிக்கும் பெண் உறுப்பினரிடம் அலுவலகம் தானாகவே நேராகப் பேசத் தொடங்கிவிடுகிறது.

திருத்திய மதிப்பீடு அதற்கடுத்த கூட்டங்களில் ஒன்றில் நிறைவேறியது. தொழில்நுட்ப அனுமதி வாங்கி டெண்டர் விட்டார்கள். 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைச் சட்டப்படி அவகாசம் கொடுத்து அறிவிப்பு வந்தது. ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. சின்ன வேலை, பழையதை இடித்துக் குப்பை அள்ள வேண்டும், நகராட்சி பில் எப்போது வரும் என்ற பயம் வேறு. இது எங்கள் ஊருக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை, சின்ன நகராட்சி உறுப்பினர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மறு டெண்டரில் பக்கத்து வார்டின் சிறுபாலத்தையும் சேர்த்து ஒரே தொகுப்பாக விட்ட பிறகுதான் ஒப்பந்ததாரர் கிடைத்தார்.

வேலை ஆரம்பித்ததும் வேறு மாதிரிப் பிரச்சினை. வடிகால் மேலேயே பலர் வாசற்படியும் வண்டி ஏற்றும் சாய்தளமும் கட்டியிருந்தார்கள். இடித்தால்தான் தரையைத் தொட முடியும். தேர்தலில் எனக்காக வீடு வீடாக நடந்த ஒரு அண்ணன் வீட்டுப் படியும் அதில் ஒன்று, கிரானைட் பதித்தது. அதிகாரிகளை முன்னால் விடாமல் நானே போனேன். அண்ணி கண் கலங்கினார். மூடி போட்டபின் கழற்றி மாட்டும் இரும்புப் படி வைத்துக்கொள்ளலாம் என்று பேசி முடித்தோம். முதலில் அவர்கள் படி உடைபட்டதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் தகராறு செய்யவில்லை. அந்தக் குடும்பத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

கான்கிரீட் போட்ட நாள்களில் தாத்தா டியூபோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒப்பந்ததாரரின் மேஸ்திரி முதல் நாள் எரிச்சல்பட்டார், இரண்டாம் நாள் அவரையே கூப்பிட்டு மட்டம் கேட்டார். உதவிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் எழுதும்போது பகுதி பிரதிநிதி ஒருவரும் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். பில் போவதற்கு ஆதாரம் அந்தப் புத்தகம்தான். கேட்டால் காட்டுகிறார்கள். நாம்தான் கேட்பதில்லை.

அடுத்த வடகிழக்குப் பருவமழையில் தெருவில் தண்ணீர் நிற்கவில்லை, அங்கன்வாடியும் ஒரு நாளும் மூடவில்லை. பெரிய மழையின்போது மட்டும் வாய்க்கால் நிரம்பி, வடிகாலின் கடைக்கோடியில் கொஞ்ச நேரம் எதிர்த்து நின்றது. அந்த வாய்க்கால் நகராட்சியுடையது இல்லை, நீர்வளத்துறையுடையது. மேட்டூர் அணை ஜூன் 12 திறப்புக்கு முன்னால் டெல்டா முழுக்கத் தூர்வாருகிறார்கள். ஆனால் ஊருக்குள் ஓடும் இந்தப் பிரிவு வாய்க்காலுக்குக் கீழே இப்போது வயலே இல்லை, எல்லாம் மனைகள். பாசனப் பரப்பு இல்லாததால் தூர்வாரும் பட்டியலில் அதன் பெயர் வருவதில்லை. ஊரின் மழைநீர் எல்லாம் அதில்தான் இறங்குகிறது. நீர்வளத்துறைக்கு மன்றத் தீர்மானமாகவே கோரிக்கை அனுப்ப வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்து மூன்று வார்டுகளின் தண்ணீரும் அதே வாய்க்காலுக்குத்தான் போகிறது என்பதால், அவர்களுடைய பகுதி சபைகளிலும் இதே தீர்மானத்தைப் போடச் சொல்லி அந்த உறுப்பினர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு பேர் சம்மதித்துவிட்டார்கள்.