பர்ஸோடு ரெசிடென்ஸ் கார்டும் போனபோது

ஜப்பானில் படிக்க வருகிறவர்கள் யாராவது ஒருநாள் இதே நிலையில் நிற்கக்கூடும். அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

செண்டாயில் இருக்கும் நண்பனைப் பார்த்துவிட்டு நைட் பஸ்ஸில் டோக்கியோ திரும்பினேன். விடியற்காலையில் ஷின்ஜுகுவில் இறங்கி, சூவோ லைன் ரயில் பிடித்து, கொகுபுஞ்சி ஸ்டேஷனில் வெளியே வரப் போனேன். கேட்டில் சுய்க்காவை, அதாவது டிக்கெட்டுக்குப் பதிலாகத் தட்டும் ரயில் கார்டை, வைக்கக் கோட் பாக்கெட்டில் கை விட்டால் பர்ஸ் இல்லை. பாக்கெட்டின் உள்தையல் பிரிந்து கிடந்தது. ரெசிடென்ஸ் கார்டு (வெளிநாட்டவர் இங்கே தங்குவதற்கான அடையாள அட்டை), மை நம்பர் கார்டு (நம்ம ஆதார் மாதிரி எண் உள்ள அட்டை), பேங்க் கார்டு, காலேஜ் ஐடி, மாத பாஸ் ஏற்றிய சுய்க்கா, கொஞ்சம் பணம் எல்லாம் அதற்குள்தான். பாஸ்போர்ட் மட்டும் ரூமில் இருந்தது. அது பெரிய பாக்கியம். அதுவும் போயிருந்தால் முதலில் குதான்ஷிதா பக்கம் இந்தியத் தூதரகத்துக்கு ஓட வேண்டியிருக்கும்.

பயத்திலும் ஒரு விஷயம் தெளிவாக இருந்தது. ஷின்ஜுகுவில் கேட்டுக்குள் வரும்போது சுய்க்காவைத் தட்டினேன். அப்படியானால் பர்ஸ் பஸ்ஸில் விழவில்லை, தெருவில் விழவில்லை. அந்த ஸ்டேஷனுக்கும் இந்த ஸ்டேஷனுக்கும் நடுவில்தான் எங்கோ இருக்கிறது. இதை ஸ்டேஷன் ஊழியரிடம் சொன்னதும் ஒரு படிவத்தை எடுத்தார். எத்தனை மணி வண்டி, எங்கே போகிற வண்டி, முன்பக்கப் பெட்டியா பின்பக்கமா, உட்கார்ந்திருந்தீர்களா நின்றீர்களா, எந்தப் பக்கக் கதவில் இறங்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். அந்தப் பதற்றத்தில் இதெல்லாம் எதற்கு என்றுதான் தோன்றும். ஆனால் இவ்வளவு விவரம் கொடுத்தால்தான் கடைசி ஸ்டேஷனில் இருக்கிறவர் அந்தப் பெட்டிக்கு நேராகப் போய்த் தேட முடியும்.

பர்ஸ் எப்படி இருக்கும் என்று கேட்டபோது பிரவுன் கலர், தோல், பட்டன் வைத்தது என்றேன். அப்படிப்பட்ட பர்ஸ் ஆயிரம் இருக்குமே, வேறு அடையாளம் உண்டா என்றார். உள்ளே அம்மா வைத்துக் கொடுத்த திருச்செந்தூர் முருகன் படம் இருந்தது. அதை ஜப்பானிய மொழியில் எப்படிச் சொல்வது? கையில் ஈட்டி மாதிரி ஒன்று, பக்கத்தில் மயில், சாமி படம் என்று கைஜாடையோடு சொன்னேன். அவர் திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டு, 'மயில் உள்ள சிறிய படம்' என்று எழுதினார். அவர் முகத்தில் சிரிப்பும் இல்லை, அலட்சியமும் இல்லை. அந்த நேரத்தில் அது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த வண்டியின் கடைசி ஸ்டேஷனான தகாவோவுக்குப் போன் போட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை. பெயர், முகவரி வாங்கிக்கொண்டு, டிக்கெட் காசை அப்புறம் கட்டச் சொல்லி வெளியே விட்டார். போலீஸிலும் தனியாக எழுதிக் கொடுங்கள் என்றார். இது முக்கியம். ரயில்வேயிடம் சொன்னது போலீஸிடம் சொன்னதாகாது. அடுத்து வரும் வேலைகளுக்கெல்லாம் போலீஸ் தரும் எண்தான் தேவை.

வெளியே கோபான் இருந்தது. தெருமுனைகளில் இருக்கும் சின்ன போலீஸ் பூத் அது. பொருள் எங்கே தொலைந்திருந்தாலும் எந்தக் கோபானிலும் எழுதிக் கொடுக்கலாம். படிவத்தை நிரப்பியதும் ஒரு பதிவு எண் தந்தார்கள். இதற்கு மேல் ஒரு தனியார் லைன் மாறி ரூமுக்குப் போக வேண்டும், கையில் ஒரு யென் இல்லை என்றேன். வண்டிக் காசை அவர்களே கடனாகக் கொடுத்தார்கள். டோக்கியோ போலீஸில் இதற்கென்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. பர்ஸைத் தொலைத்தவர்களுக்கு 1,000 யென் வரை கொடுப்பார்கள். ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அப்புறம் திருப்பிக் கட்டிவிட வேண்டும். இது தெரியாமல் பலர் ரூம் வரை நடந்தே போகிறார்கள்.

ரூமுக்கு வந்து நிஷி-கசாயில் இருக்கும் சீனியர் அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் சொன்ன முதல் வார்த்தையே, "முதல்ல பேங்க் கார்டை நிறுத்து தம்பி. அடுத்து மை நம்பர். மத்ததெல்லாம் அப்புறம் பாக்கலாம்." இரண்டையும் போனிலேயே நிறுத்தலாம். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

அக்கா சொல்லித்தான் இன்னொன்றும் புரிந்தது. இங்கே ஒவ்வொரு கார்டுக்கும் இன்னொரு கார்டு சாட்சி. பேங்க் கார்டைத் திரும்ப வாங்க முகவரியோடு உள்ள அடையாள அட்டை வேண்டும். பாஸ்போர்ட்டில் ஜப்பான் முகவரி கிடையாது. ஆகவே ரெசிடென்ஸ் கார்டு வேண்டும். அதை வாங்க, தொலைந்ததற்கான போலீஸ் தாள் வேண்டும். அந்த வரிசையை மாற்றி எங்கே போய் நின்றாலும் திருப்பித்தான் அனுப்புவார்கள். பேங்க்கில் பணம் இருந்தும் எடுக்க வழியில்லாமல் அந்த வாரத்தை நண்பர்கள் தயவில்தான் ஓட்டினேன்.

ரெசிடென்ஸ் கார்டு தொலைந்தது தெரிந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் இமிகிரேஷனில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது சட்டம். 16 வயது நிரம்பிய வெளிநாட்டவர் அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் 2 லட்சம் யென் வரை அபராதம். அதனால் நான் தள்ளிப்போடவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் இமிகிரேஷனுக்கு என்று சொல்லிச் சான்று எழுதி வாங்கிக்கொண்டு, பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு ஷினாகவா போனேன். கோனான் பக்க வாசலில் இறங்கினால் இமிகிரேஷன் அலுவலகம் வரை பஸ் போகிறது.

திறப்பதற்கு முன்பே நீண்ட வரிசை நின்றது. உள்ளே போனதும் விஷயம் எளிது. விண்ணப்பப் படிவம், 4×3 சென்டிமீட்டர் போட்டோ ஒன்று, பாஸ்போர்ட், போலீஸ் சான்று. அவ்வளவுதான். கட்டணம் இல்லை. டோக்கன் எண் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும், அது மட்டும்தான் சிரமம். சாயங்காலத்துக்குள் புது கார்டு கைக்கு வந்துவிட்டது. வாங்கியதும் பின்பக்கத்தைப் பாருங்கள். பார்ட் டைம் வேலைக்கான அனுமதி, அதாவது வாரத்துக்கு 28 மணி நேரம் என்ற வரி, அங்கேதான் இருக்கும். வேலை செய்யும் கடையில் அந்தப் பக்கத்தைத்தான் கேட்பார்கள். என் கடை மேனேஜர் புது கார்டின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்துக்கொண்ட பிறகுதான் என்னை மறுபடி ஷிஃப்டில் போட்டார். அவரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர், அதில் எனக்கு வருத்தமில்லை.

இதற்கப்புறம் மற்றவை தானாக நகர்ந்தன. சுய்க்காவில் என் பெயர் பதிவாகியிருந்ததால் பழையது முடக்கப்பட்டு, மாத பாஸும் மீதிப் பணமும் அப்படியே புது கார்டுக்கு வந்தன. கட்டணம் 520 யென், டெபாசிட் 500 யென். கேட்ட அன்றே கிடைக்காது, மறுநாள் முதல் 14 நாளுக்குள் வாங்கிக்கொள்ளலாம். பெயரில்லாத சுய்க்கா என்றால் போனது போனதுதான். புதிதாக வருகிற தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, முதல் நாளே பெயர் பதிந்த கார்டாக வாங்குங்கள், அதற்குத் தனிக் காசு இல்லை.

எல்லாம் முடிந்து, பர்ஸைப் பற்றிய நினைப்பே விட்டுப்போன சமயத்தில் போலீஸிடமிருந்து தகவல் வந்தது. உங்கள் விவரத்தோடு ஒத்துப்போகிற பொருள் ஒன்று இருக்கிறது, ஈதபாஷியில் உள்ள தொலைந்த பொருள் மையத்துக்கு வாருங்கள் என்று. டோக்கியோவில் ஸ்டேஷன்களிலும் கடைகளிலும் கிடைக்கிற பொருட்கள் சில நாட்களில் அங்கே போய்ச் சேரும். ஆண்டுக்கு 40 லட்சத்துக்கும் மேற்பட்ட தொலைந்த பொருட்கள் போலீஸ் கணக்கில் வருகிற ஊர் இது. சட்டப்படி 3 மாதம் வைத்திருப்பார்கள். அதற்குள் சொந்தக்காரர் வராவிட்டால் எடுத்துக் கொடுத்தவர் அதைக் கேட்கலாம். ஆனால் அடையாள அட்டை, பேங்க் கார்டு, போன் மாதிரியானவை எப்போதுமே அவருக்குப் போகாது.

கவுண்டரில் இருந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்து வைத்தார். உறை மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, "மயில் படம் என்று எழுதியிருந்தது உங்களுடையதா?" என்று கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பட்டனைத் திறந்தால் முருகன் அப்படியே இருந்தார். பணத்தில் ஒரு யென் குறையவில்லை. எடுத்துக் கொடுத்தவர் சன்மானம் கேட்க உரிமை உண்டு. சாதாரணமாகப் பொருள் மதிப்பில் 5 முதல் 20 சதவீதம், ஸ்டேஷன் போன்ற இடத்தில் கிடைத்தால் அதில் பாதி. இவர் எதுவும் வேண்டாம், பெயரும் சொல்ல வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நன்றி சொல்லக்கூட வழியில்லையே என்பதுதான் இன்றுவரை எனக்கு உள்ள ஒரே குறை.

பர்ஸுக்குள் பழைய ரெசிடென்ஸ் கார்டும் இருந்தது. புது கார்டு வாங்கிய பிறகு பழையது கிடைத்தால், கிடைத்த நாளிலிருந்து 14 நாளுக்குள் அதை இமிகிரேஷனுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று டிராயரில் போட்டுவிடாதீர்கள். நேரில் கொடுக்கலாம், ஒதாய்பாவில் இருக்கும் கிளைக்குத் தபாலிலும் அனுப்பலாம். நான் ஈதபாஷியிலிருந்து திரும்பும் வழியிலேயே போஸ்ட் ஆபீஸில் பதிவுத் தபாலாக அனுப்பி, ரசீதை வாங்கி வைத்துக்கொண்டேன்.