ஒரு கடிதத்துக்காக இரண்டரை மாதம்: குற்ற ஆய்வு வேலைக்கு நான் வந்த வழி

அந்த அலுவலகத்துக்கு நான்காவது தடவை போனபோதுதான், வழக்கு விவரம் கேட்ட என் மனு அங்கே வந்திருக்கவே வேண்டியதில்லை என்று சொன்னார்கள். முதல் நாளே ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு இரண்டரை மாதம் மிஞ்சியிருக்கும். கடைசி செமஸ்டரில் இரண்டரை மாதம் என்றால் ஆய்வேட்டில் பாதி.

திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டியில் எம்.ஏ. குற்றவியல் படித்தேன். இப்போது சென்னையில் ஓர் ஆய்வுத் திட்டத்தில் குற்றத் தரவுகளைத் தொகுத்து அலசும் வேலை. சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. பேட்டையிலிருந்தும் டவுனிலிருந்தும் தங்கச்சிமார் போன் பண்ணி, "அக்கா, இந்தப் படிப்புக்கு வேலை உண்டா?" என்று கேட்கிறார்கள். உண்டு. ஆனால் அதற்குப் போகும் வழியில் யாரும் எச்சரிக்காத பள்ளங்கள் சில இருக்கின்றன. நான் விழுந்தவற்றைச் சொல்கிறேன்.

ஆய்வேட்டுக்கு நான் எடுத்த தலைப்பு இருசக்கர வாகனத் திருட்டு. மாநகரத்தில் நான்கு காவல் நிலையங்கள், 2021 முதல் 2023 வரை மூன்று ஆண்டு வழக்குகள். எங்கே, எந்த நேரத்தில் வண்டி போகிறது என்று வரைபடத்தில் பார்ப்பதுதான் வேலை. துறைத் தலைவர் கையெழுத்திட்ட கடிதம், இரண்டு பக்க ஆய்வுச் சுருக்கம், அடையாள அட்டை நகல் எல்லாம் எடுத்துக்கொண்டு, வழக்கு விவரங்களைப் பார்க்க அனுமதி கேட்டுப் போனேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம்.

மேசையில் இருந்தவர் கடிதத்தைப் பிரிக்கவே இல்லை. "போலீஸ்ல சேரப் போறியாம்மா?" என்றார். இல்லை சார், ஆராய்ச்சி என்றேன். "வண்டி களவு போனதுல என்னத்தம்மா ஆராய்ச்சி? அய்யா கேம்ப் போயிருக்காவ, அடுத்த வாரம் வா." அடுத்த வாரம் போனால், கடிதத்தில் பதவிப் பெயர் தவறாக இருக்கிறது, மாற்றி வாங்கி வா என்றார். மாற்றி வாங்கிப் போனேன். இந்தத் தடவை துறையின் வட்ட முத்திரை இல்லையாம். கையெழுத்துக்குக் கீழே நீள முத்திரை இருந்தது, அது செல்லாது என்று திருப்பிக் கொடுத்தார். நான்காவது தடவை அவர் விடுப்பு. அவர் இடத்தில் இருந்த அம்மா கடிதத்தைப் பிரித்து இரண்டு நிமிடம் படித்தார்கள். "எஃப்.ஐ.ஆர். எல்லாம் நெட்லயே இருக்கே தாயி. மொத்தக் கணக்குதான் வேணும்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஆர்.டி.ஐ. போடு. இதுக்கு இங்க எதுக்கு வந்த?" என்றார்கள். மூன்று தடவையும் அந்த மேசைக்காரர் திருப்பி அனுப்பிய கடிதத்தை ஒருவர் படிக்க அவ்வளவு நேரம்தான் ஆனது. பஸ் ஸ்டாப்பில் நின்று அழுதேன்.

அந்த அம்மா சொன்னது முழு உண்மை. உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் ஒரு தீர்ப்புச் சொன்னது. முதல் தகவல் அறிக்கையைப் பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்பது அதில் உண்டு. பாலியல் குற்றங்கள் போன்ற வழக்குகளுக்கு விலக்கு. ஆக, வாகனத் திருட்டு போன்ற தலைப்புக்கு யார் அனுமதியும் தேவையில்லை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்தால் வரும். எந்த எண் வண்டித் திருட்டு என்று முன்கூட்டித் தெரியாதே, அதனால் ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகத் திறந்து பார்க்க வேண்டும். கண் எரியும். சில எண்கள் வரவே வராது. அவை ஏற்றப்படாத வழக்குகள். அதனால் இணையத்தில் கிடைப்பதை மட்டும் வைத்துப் பெண்களுக்கு எதிரான குற்றங்களைப் பற்றி ஆய்வு செய்யக் கிளம்பிவிடாதீர்கள், உங்கள் கணக்கு அடியிலிருந்தே தப்பாகும். இன்னொன்று, இறக்கியவுடன் புகார் கொடுத்தவர் பெயர், போன் எண் இரண்டையும் உங்கள் எக்செல் தாளிலிருந்து நீக்கிவிடுங்கள். வண்டியைப் பறிகொடுத்தவர் விவரம் நம் லேப்டாப்பில் கிடக்க வேண்டிய அவசியமே இல்லை.

முந்நூற்றுச் சொச்சம் அறிக்கை சேர்ந்தது. அப்புறம்தான் உண்மையான பாடம் ஆரம்பித்தது.

எஃப்.ஐ.ஆர். படிவத்தில் மூன்றாவது பத்தி குற்றம் நடந்த நாள், நேரம். ஐந்தாவது பத்தி நடந்த இடம். நிலையத்திலிருந்து எந்தத் திசை, எத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும், கீழே முகவரி. நான் பார்த்ததில் பாதிக்கு மேல் "வடமேற்கே 2 கி.மீ.", அப்புறம் "டீக்கடை முன்பு" என்ற அளவில்தான். இதை வைத்து வரைபடத்தில் எங்கே புள்ளி வைப்பது? தெரியாததையெல்லாம் அந்தந்தக் காவல் நிலையத்தின் மேலேயே வைத்துவிட்டேன். க்யூஜிஸ் என்ற இலவச மென்பொருளில் வரைபடம் போட்டதும் நிலையங்களைச் சுற்றி ரத்தச் சிவப்பு. எங்கள் பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஸ்டேஷன் வாசல்லயா இவ்வளவு வண்டி திருடு போகுது?" எல்லாப் புள்ளிகளையும் அழித்தேன்.

சித்தி மகன் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, ஐந்து ஞாயிற்றுக்கிழமை சுற்றினோம். வண்ணார்பேட்டை, சந்திப்பு, ரத வீதிகள், கே.டி.சி. நகர். புகாரில் சொன்ன டீக்கடையைத் தேடி, அதன் முன்னால் நின்று போனில் இடத்தைக் குறித்துக்கொண்டோம். சில கடைகள் இப்போது இல்லை. பக்கத்துக் கடை அண்ணாச்சியிடம் கேட்டால் "அது இருந்த இடம் இதாம்மா" என்று கை காட்டுவார். கண்டுபிடிக்க முடியாதவற்றை வரைபடத்தில் சேர்க்காமல், எத்தனை விடுபட்டன என்று எழுதினேன். பின்னால் நேர்முகத் தேர்வில் இந்த ஒரு வரியைத்தான் முதலில் பாராட்டினார்கள்.

நேரம் இன்னொரு சிக்கல். "இரவு 10 மணிக்கு வீட்டு முன் நிறுத்தினேன், காலை 6 மணிக்குப் பார்த்தால் காணோம்." எத்தனை மணிக்குத் திருடினான்? நான் முதலில் நடுவில் இருக்கும் 2 மணியைப் போட்டேன். அது தப்பு. ஜெரி ராட்கிளிஃப் என்ற ஆய்வாளர் 1998-லேயே இதற்கு வழி சொல்லியிருக்கிறார். அந்த எட்டு மணி நேரத்துக்கும் ஆளுக்கு எட்டில் ஒரு பங்கு கொடுத்துவிட வேண்டும். எல்லா வழக்குக்கும் இப்படிப் பிரித்துக் கூட்டினால் ஆபத்தான நேரம் தானாக மேலே வரும். எக்செல்லிலேயே செய்யலாம். இதற்கு ஒரு வாரம் செலவழியுங்கள், வீண் போகாது.

தேதியில்தான் பெரிய அடி. பதிவான தேதியை வைத்து, எந்தக் கிழமை அதிகம் என்று ஒரு அத்தியாயமே எழுதியிருந்தேன். ஒரு நிலையத்தில் புகார்களை எழுதிப் பதிவு செய்யும் ரைட்டராக இருந்த ஏட்டையா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது வண்டி களவு போன நாள் இல்லம்மா, நான் டைப் அடிச்ச நாளு" என்றார். பலருக்கு முதலில் புகார் வந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான் கொடுக்கப்படுகிறது. வண்டி கிடைக்கிறதா என்று நாலு நாள் தேடுவார்கள். அப்புறம் இன்சூரன்ஸுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும் என்றதும் மறுபடி வருவார்கள். தாமதத்துக்குக் காரணம் எழுத எட்டாவது பத்தி இருக்கிறது, அதையும் படி என்று விரலை வைத்துக் காட்டினார். டீ வாங்கிக் கொடுத்து அரை மணி நேரம் சொல்லித் தந்தார். அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். எந்த அலுவலகத்துக்குப் போகாவிட்டாலும், ஒரு ரைட்டரிடம் போய்ப் பேசுங்கள். எண் பிறக்கும் இடம் அவர் மேசைதான்.

ஆர்.டி.ஐ. கதை சுருக்கம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பினேன். "கோரும் வடிவில் தொகுக்கப்படவில்லை" என்று பதில் வந்தது. முதல் மேல்முறையீட்டில், அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் மாதாந்திரப் பட்டியலின் நகலை மட்டும் கேட்டேன், வந்துவிட்டது. தொகுத்துத் தா, ஏன் என்று விளக்கு என்றெல்லாம் கேட்காதீர்கள். இருக்கும் தாளின் நகலைக் கேளுங்கள்.

படிப்பு முடிந்து வேலை தேடும்போது முதலில் குழப்புவது பெயர்தான். தடய அறிவியல் வேறு, குற்றவியல் வேறு. ஆய்வுக்கூட வேலைக்கு நம் பட்டம் உதவாது, அதற்கு அறிவியல் பட்டம் கேட்பார்கள். மாவட்ட அளவில் சமூகநலம் சார்ந்த ஒப்பந்தப் பணிகளுக்கு விண்ணப்பிக்கும் முன், அறிவிப்பில் நம் பாடப் பெயர் இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். எனக்கு ஒரு விண்ணப்பம் இதனாலேயே திரும்பி வந்தது. கல்லூரி ஆசிரியப் பணி, ஆராய்ச்சி என்றால் யு.ஜி.சி. நெட் தேர்வில் குற்றவியல் தனிப் பாடமாகவே இருக்கிறது. இரண்டு தாள் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், தப்புக்குக் கழிப்பது கிடையாது. ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் என்பதால், தமிழ்வழியில் படித்தவர்கள் கலைச்சொற்களை ஆங்கிலத்தில் தனியாகப் படித்துக்கொள்ளுங்கள். வங்கிகளுக்காகச் சந்தேகப் பணப் பரிமாற்றங்களைக் கண்காணிக்கும் தனியார் நிறுவனங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் நிறைய. என்னோடு படித்தவர்களில் மூன்று பேர் அங்கேதான் இருக்கிறார்கள். சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், எக்செல், தரவுகளைத் தேடி எடுக்கும் எஸ்.க்யூ.எல். கொஞ்சம் தெரிந்தால் போதும், பட்டத்தின் பெயரைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. சம்பளமும் ஆய்வுத் திட்டங்களைவிட மேல்.

எனக்கு வந்த நேர்முகத் தேர்வில் புத்தகக் கேள்வி ஒன்றுகூட இல்லை. "தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் திருநெல்வேலி மாவட்டத்தை 2018-லும் 2020-லும் ஒப்பிட வேண்டும். எதைக் கவனிப்பீர்கள்?" என்றார் ஒருவர். என் ஊர்! 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது, சங்கரன்கோவில், கடையநல்லூர், செங்கோட்டை, ஆலங்குளம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன, மாநகரக் காவல் கணக்கும் தனியாகத்தான் வரும், 2020 ஊரடங்கு ஆண்டும்கூட, மாவட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து ஒப்பிட முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன். அடுத்த கேள்வி, கொள்ளையடித்துக் கொலையும் செய்த ஒரு வழக்கு எத்தனை குற்றமாகக் கணக்கில் ஏறும் என்பது. கடுமையான குற்றம் ஒன்றுதான், அதாவது கொலையாக மட்டும். கொள்ளைக் கணக்கில் வராது. கடைசியாக, 2024 ஜூலைக்குப் பிறகு என்ன மாறியது என்று கேட்டார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 379-வது பிரிவுத் திருட்டு இப்போது, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 303(2); பறிப்புக்கு 304 என்று தனிப் பிரிவே வந்துவிட்டது, அதனால் செயின் பறிப்பைப் பழைய ஆண்டுகளோடு நேராக வைத்துப் பார்க்கக் கூடாது என்றேன். இந்த மூன்றையும் கட்டாயம் தெரிந்துகொண்டு போங்கள்.

தேர்வானேன். சந்தோஷமாக நெல்லை எக்ஸ்பிரஸில் சான்றிதழ் சரிபார்ப்புக்குக் கிளம்பினேன். எழும்பூரில் இறங்கி, பத்து மணிக்கு அங்கே உட்கார்ந்தால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் என் பெயருக்கு முன்னால் இனிஷியல், ஆதாரில் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர் முழுசாக. "இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு நோட்டரி உறுதிமொழிப் பத்திரம் எங்கே?" என்றார்கள். அழைப்புக் கடிதத்தில் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அங்கேயே எங்காவது வாங்கி வருகிறேன் என்றேன். அன்றைக்கு நேரம் முடிந்தது, திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்று ராத்திரியே திரும்பினேன், முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டு. கோர்ட் வாசலில் பத்திரத்தில் எழுதி வாங்கப் பத்து நிமிடம்தான் ஆனது. அதற்காக ஒரு முழுப் பயணம், இரண்டு ராத்திரித் தூக்கம்.

நம் ஊரில் முக்கால்வாசிப் பேருக்கு இந்த இனிஷியல் தகராறு இருக்கும். வேலைக்கு விண்ணப்பிக்கும் முன்பே அந்தப் பத்திரத்தை எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள், இரண்டு நகலோடு.

டிசம்பர் நெட் தேர்வுக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, பெயரை இந்தத் தடவை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுதியிருக்கிறேன். ஏட்டையாவுக்குப் போன் பண்ணி வேலை கிடைத்ததைச் சொன்னேன். "எட்டாவது பத்தியப் பாக்கியா?" என்றுதான் முதலில் கேட்டார்.